மூன்றாம் நம்பர் உப்பு

சிவப்பு மையால் அந்தத் தாளின் குறுக்கே கோடு கிழித்தேன்.

மூன்றாம் நம்பர் பாட்டிலில் இருப்பது ஜிங்க் கார்பனேட். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்த பட்டியலில் அப்படித்தான் இருந்தது.

பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வு. பாட்டிலில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும் இருக்கும். பிள்ளைகள் அந்த வெள்ளைப் பொடியைச் சூடாக்கி, கரைத்து, எரித்துப் பார்த்து, அது என்ன உப்பு என்று கண்டுபிடித்துப் பெயர் எழுதவேண்டும். மூன்றாம் நம்பர் எட்டுப் பேருக்கு வந்திருந்தது. ஏழு பேர் ஜிங்க் கார்பனேட் என்று எழுதியிருந்தார்கள். எட்டாவது தாள் மட்டும் பேரியம் கார்பனேட் என்றது.

காலையில் திட்டக்குடியில் பஸ் ஏறி விருத்தாசலம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தவன் நான். வெளியூர்த் தேர்வாளர் என்று பெயர்தான் பெரிது. சாதாரண நாளிலேயே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

மற்ற பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். எட்டாவது தாளுக்குச் சொந்தக்காரி பூர்ணிமா மட்டும் சோதனைக் குழாய்களைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன்.

"கண்ண மூடிக்கிட்டு எழுதுனியா?"

பத்து மதிப்பெண் போச்சு, இன்ஜினியரிங் கனவையெல்லாம் இதோடு மூட்டை கட்டிவிடு என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

அவள் அழவில்லை. ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தாள். மூன்றாம் நம்பர் பாட்டிலிலிருந்து ஒரு சிட்டிகை பொடி எடுத்து, அமிலம் விட்டுக் குழைத்து, கண்ணாடிக் குச்சியில் தொட்டு நெருப்பில் காட்டினாள்.

நெருப்பு நாற்றங்கால் மாதிரி பச்சையாக எரிந்தது.

ஜிங்க் அப்படி எரியாது. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பாட்டிலை வெடுக்கென்று வாங்கி நானே செய்து பார்த்தேன். அப்புறம் அசிட்டிக் அமிலத்தில் கரைத்துக் குரோமேட் விட்டேன். மஞ்சளாகப் படிந்தது. சந்தேகமே இல்லை, பேரியம்தான்.

ஆய்வக உதவியாளர் சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை.

"ஜிங்க் தீந்துபோச்சிங்க. செராமிக் எஸ்டேட்டு பக்கம் கடையில வாங்கியாந்து இதுல கொட்டி வெச்சேங்க."

பேரியம் கார்பனேட் பீங்கான் பட்டறைகளில் மண்ணோடு கலக்கிற பொடி. எலியைக் கொல்லவும் அதையே வைப்பார்கள். கடைக்காரர் கைக்குக் கிடைத்த வெள்ளைப் பொடியைக் கட்டிக்கொடுத்திருக்கிறார். அதை ஒருவரும் சோதித்துப் பார்க்காமல் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

ஏழு தாள்களையும் மறுபடி எடுத்தேன். முதல் தடவை கடைசி வரியை மட்டும்தான் பார்த்திருந்தேன். இப்போது முழுக்கப் படித்தேன்.

சூடாக இருக்கும்போது மஞ்சள், ஆறினால் வெள்ளை என்று ஏழு பேரும் எழுதியிருந்தார்கள். சாம்பல் சோதனையில் ஏழு பேருக்கும் பச்சைச் சாம்பல் வந்திருந்தது. ஒருவன் அழுக்கு வெள்ளை வீழ்படிவு என்று எழுதி அடிக்கோடுகூடப் போட்டிருந்தான். எல்லாமே ஜிங்க்கின் அடையாளங்கள். பாட்டிலில் இல்லவே இல்லாத ஜிங்க்கை ஏழு பேரும் கண்ணால் கண்டிருந்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொஞ்சமும் கூசாமல் எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வாங்கிக்கொடுத்த வடையைத் தின்றுகொண்டே நானும் கூசாமல் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

வேதியியல் ஆசிரியர் அன்புச்செல்வன் வியர்த்து வழிய ஓடிவந்தார். உப்புப் பட்டியலை எழுதியவர் அவர்தான். தேர்வுக்கு முன்னாலேயே உப்பின் பெயர் பிள்ளைகளுக்கு எப்படிப் போனது என்று மேசையைத் தட்டிக் கேட்டேன். ஏழு தாளையும் அடித்துவிட்டு மேலிடத்துக்கு எழுதப் போகிறேன் என்றேன்.

"வேணாங்க சார். ஏழு புள்ளைங்க வாழ்க்கைங்க. இந்தப் பொண்ணுக்கும் வேணும்னா முழுசா போட்டுடுங்க."

வேணும்னாவாம்! அந்த ஒரு வார்த்தைக்கே நான் எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளைகள். காலையில் என் முன்னால் வந்து நின்ற முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. கோபத்தை மென்று விழுங்கினேன்.

ஏழு பேருக்கும் போட்டதை அப்படியே விட்டுவிட்டேன். பூர்ணிமாவின் தாளில் நான் கிழித்த கோட்டை அடித்து, முழு மதிப்பெண் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எட்டுப் பேருக்கும் ஒரே மதிப்பெண். மதிப்பெண் பட்டியலை உறைக்குள் போட்டு ஒட்டி அரக்கும் வைத்தாயிற்று.

அதற்குப் பிறகும் மனசு ஆறவில்லை. இந்த அறையில் ஒழுங்காக நடந்துகொண்டது அவள் ஒருத்திதான். அதை அன்புச்செல்வன் காதில் விழவேண்டும் என்றே உரக்கச் சொன்னேன். அத்தனை பேரும் சொல்லிக்கொடுத்ததை எழுதியபோது நீ மட்டும் செய்து பார்த்து எழுதினாயே, அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அவளைக் கேட்டேன்.

அவள் வெலவெலத்துப் போனாள். நான் கத்தியபோது வராத அழுகை அப்போது வந்தது. என் பக்கம் திரும்பாமல் அன்புச்செல்வனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"என்கிட்ட யாரும் பேரு சொல்லலைங்க சார். நான் உங்க டியூஷன்ல இல்லீங்களே. பிளஸ் ஒன்னுக்கு வர்ற தங்கச்சிய ஜூன் மாசமே சேத்துவுட்டுடுறோங்க சார்."