முடிவு பிரமாதம்

வீட்டில் இருப்பதைப் படித்து முடிக்காமல் அடுத்த புத்தகம் உள்ளே வரக் கூடாது என்பது மனைவியின் கட்டளை. அச்சகத்தில் நாள் முழுக்கப் பிழை திருத்திவிட்டு வருகிற அவருக்கு வாங்கத்தான் ஆசை, பிரித்தால் கொட்டாவி. அதனால் வாங்கிய தேதி, முடித்த தேதி, கருத்து என்று கோடு போட்ட நோட்டில் கூசாமல் புளுகிக்கொண்டே போனார்.

அன்று மனைவி ஒரு நாவலும் அந்த நோட்டுமாக எதிரே வந்து நின்றாள்.

“போன வாரம் ‘முடிவு பிரமாதம்’னு எழுதியிருக்கீங்க. நிஜமாவே கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சீங்களா?”

இதற்கு இல்லை என்றால் நோட்டு முழுக்க நாறிவிடும்.

“ஒரு எழுத்து விடல.”

“முடிவுல உங்களுக்கு வருத்தமே இல்லையா?”

“எனக்கென்ன வருத்தம்? பிரமாதம்னா பிரமாதம்தான்!”

புத்தகத்தை அவர் மடியில் வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். போன மாதத் தேதியிட்டு, அவள் கையெழுத்தில் ஒரு கடிதம்.

‘புத்தகத்தில் வைத்தால்தான் படிப்பீர்கள். எனக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. போனால் திரும்ப மாட்டேன். போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவேன்.’

உள்ளே பெட்டி பூட்டும் சத்தம் கேட்டது.

அவர் வாயைத் திறந்தார். ‘போகாதே’ என்பதற்கு முன்னால் ‘படிக்கவே இல்லை’ என்று சொல்லியாக வேண்டும்.