மேலேயும் கீழேயும் நாலு வரி

வசனத்தை அடிக்கச் சிவப்புப் பேனாவை வைத்ததும், “அதை விட்டுருங்கண்ணே” என்றாள் கல்யாணப் பெண் பவதாரிணி.

மேலமாசி வீதி அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் புரூஃப் பார்ப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் வேதபாட வகுப்பும் எடுக்கிறேன். அதனால் பத்திரிகையின் உச்சியில் இருக்கும் வேதவசனத்தை எழுத்துப்பிழைக்காக மட்டும் பார்த்துவிட்டுப் போக என்னால் முடிவதில்லை.

நீங்கள் போகும் இடமெல்லாம் நானும் வருவேன் என்று ரூத் சொல்வதை அவள் தேர்ந்தெடுத்திருந்தாள். பார்க்கப் பொருத்தமாகத்தான் தெரியும்.

எந்த வசனத்தையும் தனியாகப் பிய்த்து எடுக்கக் கூடாது என்று ஆரம்பித்தேன். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், அப்போது என்ன நடந்திருந்தது என்று பார்க்க வேண்டும். மேலேயும் கீழேயும் நாலு வரியாவது படிக்க வேண்டும்.

பரவையில் பாத்திரக்கடை திறந்த ஒருவர், துவக்கம் சிறிதானாலும் முடிவு பெரிதாகும் என்பதைத் தங்க எழுத்தில் போடச் சொன்னார். அதைச் சொன்னவர் யோபுவின் நண்பர் பில்தாத். நீ பேசியது சரியில்லை என்று கடைசியில் கடவுளிடமே திட்டு வாங்கியவர்.

பவதாரிணி சிரித்தாள். அவளோடு வந்து, பக்கத்து நாற்காலியில் டீயை ஆற்றிக்கொண்டிருந்த அம்மாவும் சிரித்தார்.

இதுவும் அந்த மாதிரிதான் என்றேன். கணவனை இழந்த ரூத் தன் மாமியாரிடம் சொன்னது. “மாமியார்ட்ட சொன்னத மாப்பிள்ளைக்குப் போட்டா ஊரே சிரிக்கும்மா.”

நாலு மணிக்கு மெஷினில் ஏற்ற வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் கொடுக்கப் பத்திரிகை வேண்டும். அவளோ அசையவில்லை. அந்த வசனம் இல்லாவிட்டால் பத்திரிகையே வேண்டாம் என்றாள்.

பிறகு, அந்த மாமியார் கடைசியில் என்ன செய்தார் என்று கேட்டாள்.

கேள்வி கேட்க ஆள் கிடைத்தால் எனக்குச் சாப்பாடுகூட வேண்டாம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு ரூத்தின் கதை நாலு அதிகாரத்தையும் சொன்னேன். மருமகளும் நன்றாக வாழ வேண்டும் என்று அந்த மாமியாரே ஒரு நல்ல மனிதரைச் சொல்லி, வழிகாட்டி, மறுமணம் நடக்கச் செய்தார்.

பக்கத்து நாற்காலி அம்மா டீயை மறந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“கீழயும் படிக்கணும்னீங்கள்லண்ணே. படிங்க” என்றாள் பவதாரிணி.

நான் இன்னும் வசனத்தைத் தாண்டியிருக்கவில்லை. தாண்டினேன்.

‘என் மகன் பேச்சிமுத்து காலமான பிறகும் என்னை விட்டுப் போகாத என் மருமகள் பவதாரிணிக்கும், திருமங்கலம் அருண்பாண்டிக்கும் நடைபெறும் திருமணத்துக்கு அனைவரையும் அன்போடு அழைப்பது, சோணையம்மாள்.’

நிமிர்ந்தேன். சோணையம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார்.

“இப்ப அவ போற எடத்துக்கு நான் போறேன் தம்பி. திருமங்கலத்துல வீடு பாத்தாச்சு.”