கால் வைக்க இடமில்லை

எடப்பாடி கடைவீதியில் மலர்விழியின் சேலைக் கடைக்குள் அன்று காலை கால் வைக்க இடமில்லை. அப்படியும் அவள் கண் வாசலிலேயே இருந்தது. கடன் கேட்டிருந்தாள், கடையைப் பார்க்க பேங்க்காரர் வருகிறார். வியாபாரம் நடக்கிறது என்று அவர் நம்பினால்தான் பணம் வரும். வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

"அந்த ஊதாவையும் விரிங்க," என்றாள் ஒருத்தி.

விரித்தாள்.

செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். வந்தவர் பேங்க்காரர் இல்லை, கட்டடத்தின் சொந்தக்காரர் நல்லமுத்து. கூட்டத்தைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, போன வாரந்தான யாவாரமே இல்லீங்கன்னு அழுத?"

"அது வந்துங்க..."

"எனக்கும் மனசு கேக்கல. வாடகையப் பாதியாக் கொறச்சுக்கலாம்னு சொல்லத்தான் வந்தேன். நல்லவேளை, கண்ணாலயே பாத்துட்டேன். பழைய வாடகையே குடுத்துரு சாமி."

மலர்விழி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். அவர் சிரித்தபடியே படியிறங்கிப் போனார்.

செல்போன் அடித்தது. பேங்க்காரர்தான்.

"மேடம், இன்னிக்கு வர முடியலைங்க. நாளைக்கு வாரேன்."

"நாளைக்குத்தான் வாராராம்," என்று கூட்டத்திடம் சொன்னாள் மலர்விழி. ஊதாச் சேலையைக் கேட்டிருந்தவள் அதை மெல்ல மடித்து வைத்தாள்.

"அப்ப நாங்க எல்லாரும் நாளைக்கும் வரோணுமா அண்ணி?"