பெரிய நம்பர் தகரம்

"மழை பெஞ்சா உள்ள தூங்க முடியுமான்னு கேக்குறியே, உன் மாட்டுக்குத் தாலாட்டும் பாடணுமா?" என்றான் ராதாகிருஷ்ணன்.

எதிரே நின்ற கன்னையா கங்காணி சிரித்து வைத்தார். மாட்டுவண்டியை விட்டு இறங்கி நேராகக் கடைக்குள் வந்தவர். காலில் ஒட்டிய சாணி இன்னும் காயவில்லை. கொட்டாய்க்குத் தகரம் வேண்டும் என்று அவர் சொன்னதுமே அது எந்தக் கொட்டாய் என்று ராதாகிருஷ்ணனுக்கு விளங்கிவிட்டது. அந்தக் காலைப் பார்த்தால் போதாதா?

மலாயாவின் கிள்ளான் கடைத்தெருவில், தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் சீன முதலாளியின் இரும்புக்கடையில் ஒன்பது வருஷமாகத் தகரமும் ஆணியும் விற்கிறான் அவன். படுக்கை கடைக்கு மேலே, ஆணிப்பெட்டிகளுக்கு நடுவில். காலை நீட்டினால் பெட்டி, புரண்டால் பெட்டி.

அதுவும் இன்னும் எட்டு நாள்தான். ரப்பர் விலை ஏறிக்கிடந்த வருஷம் அது. ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி வேலைக்கு எழுதிப்போட்டிருந்தான். பெரிய கிராணி கார்த்திகேசு கையெழுத்தோடு உத்தரவு வந்துவிட்டது. அதில் 'தனி வீடு தரப்படும்' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் போகிறான். தாலி கட்டிய கையோடு ஊரில் விட்டுவந்த இராஜம்மாவுக்கு, வீடு கிடைத்துவிட்டது, கப்பல் ஏறு என்று நேற்றே கடிதம் போட்டாயிற்று.

கன்னையா பக்கத்துத் தோட்டத்துக் கங்காணியின் கதையை எடுத்தார். அந்த ஆள் இருபத்தெட்டாம் நம்பர் தகரம் போட்டுவிட்டுப் பார்க்கிறவனிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறானாம். இவருக்கு அதைவிடப் பெரிய நம்பர் வேண்டுமாம்.

ராதாகிருஷ்ணனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தகரத்தில் நம்பர் ஏற ஏறக் கனம் குறையும். இருபத்து நாலு என்றால் ஆள் ஏறி நடக்கலாம். முப்பத்திரண்டு என்றால் காக்காய் உட்கார்ந்தாலே நெளியும். இதுகூடத் தெரியாத ஜென்மம், தலைப்பாகை வேறு கட்டிக்கொண்டு சாமான் வாங்க வந்துவிட்டது.

"பெரிய நம்பருதான் ஒசத்தின்னு உனக்கு யாரு சொன்னா?"

"இது தெரியாதாங்க? வேட்டியில நாப்பதாம் நம்பரு நூலைவிட நூறாம் நம்பரு நூலுதானே ஒசத்தி."

திருத்த வாயெடுத்தவன் மூடிக்கொண்டான். பின்கட்டில் முப்பத்திரண்டாம் நம்பர் தகரம் இருபது, மூன்று வருஷமாக விலை போகாமல் கிடந்தது. மேலே பூசியிருந்த துத்தநாகம் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பித்திருந்தது. போவதற்கு முன் அதைத் தள்ளிவிட்டுப் போ என்று தவுக்கே தினமும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய்த் துணியால் ஒன்றை நன்றாகத் துடைத்துக் கொண்டுவந்து வெயிலில் நிறுத்தினான். கண் கூசியது.

கன்னையா அதைத் தூக்கிப் பார்த்தார். ரொம்ப லேசாக இருக்கிறதே என்று இழுத்தார்.

"நூறாம் நம்பர் வேட்டி கனமாவா இருக்கும்?"

அதுவும் சரிதான் என்று தலையாட்டிவிட்டார். விலையைக் குறைத்துச் சொன்னால் சந்தேகம் வந்துவிடும் என்று ராதாகிருஷ்ணன் கூட்டியே சொன்னான். மறுபேச்சு இல்லை. இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிது என்று நினைத்துக்கொண்டான். நனையப்போவது மாடு, வாங்கிப்போவது அந்த மாட்டுக்கும் ஒரு படி கீழே. இதற்கெல்லாம் யாராவது வருத்தப்படுவார்களா?

இருபது தகரமும் வண்டியில் ஏறின. ஆற்றங்கரை வரைக்கும் வண்டி, அங்கிருந்து சம்பான் படகில் கேரி தீவு என்றார் கன்னையா. சீட்டு எழுதத் தோட்டத்தின் பேரைக் கேட்டான். அவர் சொன்ன பேரைக் கேட்டதும் பேனா நின்றது. சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த உத்தரவில், தலைப்பில் அச்சடித்திருந்த அதே பேர்.

ஒரு கணம் திக்கென்றது. அடுத்த கணமே உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. ஆக, இந்த ஆள் தனக்குக் கீழே நிற்கப்போகிறவன். எட்டு நாள் கழித்து, விடிகாலையில் பேர் கூப்பிடும்போது, இதே தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஐயா என்று நிற்கும். ஒவ்வொரு மழைக்கும் மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் எட்டிப் பார்த்துச் சிரிக்கலாம். தான் யார் என்பதை இப்போது சொல்வானேன்? அங்கே வந்து தெரிந்துகொள்ளட்டும்.

வண்டி நகர்ந்தது. ராதாகிருஷ்ணன் என்றைக்கும் இல்லாத வழக்கமாக வாசல் வரைக்கும் வந்தான்.

"கங்காணி, இவ்வளவு ஒசத்தியான தகரத்த மாட்டுக்குப் போடுற மகராசன் கிள்ளான்ல நீ ஒருத்தன்தான்."

கன்னையா கயிற்றை இழுத்து வண்டியை நிறுத்தினார். அவர் முகத்தில் நிஜமான குழப்பம்.

"மாட்டுக்கு எதுக்குங்க இது? அதுங்களுக்கு இருபத்து நாலே போதும்னு போன மாசமே போட்டாச்சு" என்றார். "இது பழைய உரக்கொட்டாய்க்கு. புதுசா வர்ற சின்னக் கிராணிக்கு அதுதாங்க வீடு."