தனிக் கிண்ணம்

தொப்பூர் கணவாய் ஓட்டலில் சமையல்காரர் முனாபும் பரிமாறுகிற பொன்னனும் மூன்று நாளாகப் பேசிக்கொள்வதில்லை. இன்று கரண்டியே பறந்ததும், முதலாளி திருமால் இருவரையும் கல்லாவுக்குக் கூப்பிட்டார்.

"ஒருத்தருக்குனு தனிக் கிண்ணத்துல குழம்பு வெக்கறேனுங்க. இவன் அதுல உப்ப அள்ளிப் போடறான். இவன் இருந்தா நான் இருக்க மாட்டேங்க" என்றார் முனாப்.

"உப்பே இல்லாத குழம்புங்க! முந்தாநேத்து பாதிச் சோறு அப்பிடியே எலையில கெடந்துச்சுங்க" என்றான் பொன்னன்.

திருமாலுக்குச் சிரிப்பு வந்தது. "இதுக்காய்யா சண்டை? சாப்பிடறவரையே கேளுங்க. உப்பு வேணும்னா போடு, வேண்டாம்னா வுடு."

"அவருகிட்டக் கேக்க முடியாதுங்க" என்றார் முனாப். "சொல்லக் கூடாதுனு அவரு வூட்டம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க."

"அப்பிடி யாருய்யா அந்தாளு?"

முனாப் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்கதாங்க. பிரஷர் எகிறியும் உப்பக் கொறைக்க மாட்டேங்கறீங்கனு போன்ல அக்கா அழுதுச்சுங்க."

பொன்னன் பதறிப்போனான். "ஏன் பாய், எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

திருமால் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, முனாப் வெக்கறதையே சாப்பிடறேன். ஞாயித்துக்கிழமை மட்டும் பொன்னன் கொஞ்சம் உப்புப் போடட்டும்."

"அதெல்லாம் முடியாதுங்க!"

மூன்று நாளாகப் பேசாதிருந்த இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.