கிளைட் மாமாவின் ராசி

"இந்தத் தடவை கிளைட் வரக்கூடாது. அவன் வந்தா நான் வரலை!"

மாவிஸ் கரண்டியை 'ணங்'கென்று தட்டில் வைத்தாள். அவள் மாப்பிள்ளை வெண்டலுக்கு, வாயில் போட்ட பீரோகிக் கொழுக்கட்டை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

கல்யாணமாகி நாலு மாதம். மாமியார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. பேஸ்பால் சீசனின் தொடக்க ஆட்டத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது, வண்டியை எங்கே நிறுத்துவது, எத்தனை கம்பளிச் சட்டை போடுவது என்று பேசத்தான் எல்லாரும் கூடியிருந்தார்கள். கிளீவ்லாந்தில் ஏப்ரல் என்பது பிப்ரவரிக்குக் கூடப் பிறந்த தம்பி.

டிக்கெட் குலுக்கலில் வழக்கம்போல நாலு விழுந்திருந்தது. ஒரு வீட்டுக்கு அவ்வளவுதான் தருவார்கள். வீட்டிலோ இந்த வருஷம் அஞ்சு பேர். மாவிஸ், அவள் தம்பிகள் கிளைட், ஹார்லன், மகள் கார்லா, புதிதாக வந்து சேர்ந்த வெண்டல்.

"நான் வீட்டிலேயே இருந்துக்கறேன் அத்தை. எனக்கு அந்த ஆட்டமே புரியாது" என்றான் வெண்டல்.

பொய்யில்லை. மொன்டானா பக்கம் வளர்ந்தவன். மாட்டை எண்ணத் தெரியும், ரன்னை எண்ணத் தெரியாது.

"நீங்க சும்மா இருங்க மாப்ளே!" ஹார்லன் பாய்ந்தார். "டிக்கெட்டா இங்க பிரச்சினை? இந்த ராசி கெட்டவன்தான் பிரச்சினை!"

கிளைட் தலை நிமிரவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தொடக்க ஆட்டத்தைக்கூட விடாத மனுஷர். முதுகில் ஆபரேஷன் நடந்த வருஷம், தலையணையைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தவர்.

"போன வருஷம் என்ன நடந்துச்சு தெரியுமா?" ஹார்லன் வெண்டலின் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஒன்பதாவது சுற்று, அதான் கடைசி. ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு பந்து. இவன் தும்மினான்! நாற்பதாவது வரிசையிலேர்ந்து தும்மினா மைதானத்து நடுவுல நிக்கறவனுக்குக் கேக்குமா? கேட்டுச்சே! பந்து வீசறவன் 'ஆயுசு நூறு'ன்னு சொல்லத் திரும்பினான். முடிஞ்சுது கதை!"

"அதுக்கு முந்தின வருஷம் இவன் உக்காந்ததும் பனி கொட்டிச்சு" என்றாள் மாவிஸ். "பந்தும் வெள்ளை, பனியும் வெள்ளை. நம்ம ஆளுங்க பந்தைத் தேடி எடுக்கறதுக்குள்ள, எதிர் டீம்காரன் ஒரு ரவுண்டு ஓடி முடிச்சு காபியும் குடிச்சுட்டான்."

"அஞ்சு வருஷமாத் தோல்விதான்" என்று கார்லா முணுமுணுத்தாள்.

வெண்டல் மனைவியை வெறித்துப் பார்த்தான். நீயுமா?

"மாமா, நீங்க ஏதாவது சொல்லுங்களேன்" என்றான் கிளைட்டிடம்.

"என்னத்தைச் சொல்றது மாப்ளே. என் ராசி அப்படி."

"சரி, கிளைட் வேண்டாம்ங்கறவங்க கை தூக்குங்க" என்றாள் மாவிஸ்.

மூன்று கைகள் உயர்ந்தன. கார்லாவின் கைதான் கொஞ்சம் தாமதம். கிளைட் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

என்ன குடும்பம் இது! வெண்டலுக்கு ரத்தம் கொதித்தது. வயசான மனுஷரை ஒரு விளையாட்டுக்காக இப்படியா சாப்பாட்டு மேஜையில் வைத்து வதைப்பார்கள்? எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தான். பேஸ்பாலில் ஒரு சௌகரியம். தாத்தா காலத்து ஆட்டத்துக்குக்கூடக் கணக்கு எழுதி வைத்திருப்பார்கள்.

போன வருஷத் தொடக்க ஆட்டம்: ஆறுக்கு ஒன்று. கிளீவ்லாந்து வெற்றி.

அதற்கு முந்தைய வருஷம்: நல்ல வெயில். கிளீவ்லாந்து வெற்றி.

அதற்கும் முந்தைய வருஷம்... வெற்றி. அதற்கும் முன்னால்... வெற்றி. அஞ்சும் வெற்றி!

போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். கிளைட் தன் கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"மாமா! அத்தனையும் பொய்! அஞ்சு வருஷமும் ஜெயிச்சிருக்கீங்க! வாங்க உள்ள, இப்பவே நாலு வார்த்தை கேட்டுடறேன்!"

கிளைட் பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினார்.

"மெதுவாப் பேசுங்க மாப்ளே, கெடுத்துடாதீங்க! தோத்தோமா ஜெயிச்சோமான்னு எங்களுக்குத் தெரியாதா? கூடவேதானே உக்காந்திருந்தோம்!"

"அப்புறம் எதுக்கு..."

"கல்யாணமாகி முதல் வருஷம், எங்க கூட நீங்க உக்காரணும். 'உங்களுக்காக எங்கள்ல ஒருத்தர் டிக்கெட்டை விட்டுத் தர்றோம்'னு சொன்னா வாங்கிக்குவீங்களா? மாட்டீங்க. அதான் ரெண்டு வாரமா நாலு பேரும் ஒத்திகை பார்த்தோம். கார்லா எங்க அழுதுடுவாளோன்னுதான் பயமா இருந்துச்சு."

வெண்டல் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"ஆனா... ஏன் நீங்க? முப்பத்தோரு வருஷமாப் போறவர்!"

"நாலு பேர் பேரையும் எழுதிச் சீட்டுக் குலுக்கினோம். என் பேர் வந்துச்சு."

"அப்போ திரும்பக் குலுக்குவோம் மாமா. என் பேரையும் சேர்த்து!"

கிளைட் சமையலறை ஜன்னலை ஒருமுறை திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சீட்டு எழுதினது நான்தான் மாப்ளே. நாலுலயும் என் பேரைத்தான் எழுதினேன். உள்ள போய் உளறிடாதீங்க."