கிரைண்டருக்குக் கட்டிய எலுமிச்சம்பழம்

"அவ கண்ணு கண்ணே இல்லீங்க தலைவரே, கொள்ளி! அதுதான் என் கையில பாஞ்சிருச்சு."

கட்டுப்போட்ட இடது கையைத் தூக்கிக் காட்டினான் தயாபரன். கட்டைவிரல் தப்பியதே பெரிய காரியம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

தோட்டத் தலைவர் ரெங்கசாமி பிளேன்டீயை உறிஞ்சியபடி உச்சுக்கொட்டினார். அவருக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருந்தது. அவர் வீட்டுக் கேட் பாதி வெட்டியபடி தயாபரனிடம்தான் கிடந்தது.

தயாபரன் தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டவன். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், தன் ஒற்றை அறைக் காம்பராவின் பின்பக்கம் தகரம் இறக்கி, கேட், ஜன்னல் கம்பி என்று வெட்டிக் கொடுத்துப் பிழைக்கிறான். பெரகலையிலிருந்துகூட ஆட்கள் தேடி வருவார்கள்.

"என்னதான்டா நடந்துச்சு?"

"கம்பி வெட்டிக்கிட்டிருந்தேங்க. பக்கத்துக் காம்பரா செவனம்மா வாசல்ல நின்னு, வச்ச கண்ணு வாங்காம என்னையே பாக்குது. நான் இந்தக் கம்பி வெட்டுற கிரைண்டரைக் கையில எடுத்தா போதும், அடுப்புல கெடக்கிறத அப்படியே போட்டுட்டு வந்து நின்னுரும். அன்னைக்கும் நின்னுச்சு. பட்டுனு அதுல சுத்துற டிஸ்க் வெடிச்சு என் கையக் கிழிச்சிருச்சு."

"அப்புறம்?"

"மெஷின் கைய விட்டு விழுந்து, சிமெந்துத் தரையில துள்ளித் துள்ளி என் காலப் பாத்து வருது. சுவிட்ச லொக் பண்ணி வச்சிருந்தேன், நிப்பாட்ட வழியில்ல. செத்தேன்னுதான் நெனச்சேன். கால்கிட்ட வந்து தானா அடங்கிருச்சுங்க! கரண்டும் போகல. என் காம்பராவுல லைட் எரிஞ்சுகிட்டே இருக்கு. எல்லாம் இதோட மகிமைதான்."

பையிலிருந்து கிரைண்டரை எடுத்து வைத்தான். உடம்பெல்லாம் சந்தனம், குங்குமம். ஆயுத பூசைக்குக் கறுப்புக் கயிற்றில் கட்டிய எலுமிச்சம்பழம் காய்ந்து சுருங்கித் தொங்கியது. தலைவர் பயபக்தியோடு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இதுக்கு ஒரு மூடி இருக்குமேடா, டிஸ்க்க மறைச்சாப்ல?"

"அந்தக் கவரா? சாமித்தட்டுல பத்திரமா இருக்குங்க. வாங்குன அன்னைக்கே கழட்டிப் பூசை பண்ணி வச்சிட்டேன். அதப் போட்டா பெரிய டிஸ்க் மாட்டேலாது."

"கண்ணுக்குப் போடுற கண்ணாடி?"

"அதுக்கும் பொட்டு வச்சு அங்கதான் வச்சிருக்கேன்."

தலைவர் தலையாட்டினார். இவ்வளவு பக்தி உள்ள பிள்ளைக்கே அடிபட்டதென்றால், வேறென்ன, கண்ணூறுதான்!

"இப்ப என்ன செய்யணுங்கிற?"

"தோட்டத்துத் தொரைகிட்ட சொல்லி அந்தச் செவனம்மாவக் கீழ்லயத்துக்கு மாத்திருங்க. அது அங்க நிக்கிற மட்டும் நான் மெஷினைத் தொட மாட்டேன். உங்க கேட்டும் அப்படியேதான் கெடக்கும்."

கீழ்லயத்துக் கூரை ஒழுகும், சுவரெல்லாம் ஓதம். செவனம்மா தனி ஆள், முழங்கால் வலிக்காரி. இந்தக் குளிரில் அங்கே போனால் எழுந்து கொழுந்து பறிக்கவும் முடியாமல் கிடந்துபோவாள். தலைவருக்கு அது தெரியும். கேட் இல்லாத தன் வீட்டுக் காய்கறிப் பாத்தியில் மாடு புகுந்து பீன்ஸ் கொடியை மேய்வதும் தெரியும்.

தீர்ப்பை மனசுக்குள் முடித்துவிட்டு, ஒரு முறைக்காகச் செவனம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"ஏம்மா, ஒரு மனுசன் வேலை செய்யிறப்ப அப்படி என்ன பார்வை?"

"பாக்காம என்னங்க செய்யிறது?"

"ஒத்துக்கிச்சு, பாத்தீங்களா!" தயாபரன் துள்ளினான்.

"நீ சும்மா இருடா. ஏம்மா பாக்குற?"

"அவன் வீட்டுல மெஷினைப் போட்டா கரண்ட் ட்ரிப் ஆகுதுன்னு, என் காம்பரா பிளக்குலருந்துதாங்க வயர் இழுத்திருக்கான். சுவிட்ச் என் வாசல் நெலைகிட்டத்தான் இருக்கு. மூடியும் இல்லாம, கண்ணாடியும் இல்லாம அவன் ஓட்டுறதப் பாத்தா எனக்கு ஈரக்கொலை நடுங்குது. என் கரண்ட்ல ஒருத்தன் செத்தா பொலிஸ் என்னையத்தானே கேக்கும்? அதான் சுவிட்ச்ல கைய வச்சுக்கிட்டே நிப்பேன். அன்னைக்கு டிஸ்க் வெடிச்ச ஒடனே தட்டி விட்டுட்டேன்."

தலைவர் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். தயாபரன் தரையைப் பார்த்தான்.

"என் பார்வை ஆகலைன்னா சொல்லுங்க தலைவரே. நாளையிலருந்து கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்துக்கிறேன்."

"ஐயையோ, அப்படிச் செஞ்சிராதீங்க அக்கா!" தயாபரன் பதறிவிட்டான். "நீங்க நல்லா பாருங்க!"

தலைவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மொதல்ல அந்தக் கவரை எடுத்து மெஷின்ல மாட்டுடா" என்று ஒரு அதட்டுப் போட்டு அனுப்பினார். செவனம்மா தன் காம்பராவிலேயே இருந்தாள்.

கை ஆறியதும் தயாபரன் மறுபடி வேலையைத் தொடங்கினான். தன் கேட்டைப் பார்க்கத் தலைவர் போனபோது தீப்பொறி பறந்துகொண்டிருந்தது. செவனம்மா வழக்கம்போல வாசலில் நின்றாள்.

கிரைண்டரில் கவர் இல்லை. தயாபரனின் காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தார். அது புதுப் பொட்டோடு சாமித்தட்டிலேயே இருந்தது, பக்கத்தில் கண்ணாடி. செவனம்மா வீட்டுச் சுவிட்சுக்குத்தான் இப்போது சந்தனம், குங்குமம், கறுப்புக் கயிற்றில் ஒரு பச்சை எலுமிச்சம்பழம்.

தலைவர் திட்டுவதற்கு வாயெடுத்தார். கேட்டில் இன்னும் இரண்டே கம்பிதான் பாக்கி. வாயை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, சுவிட்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.